பத்துக்கு 2... பத்துக்கு 10! ஒரு வீடியோ கேமும் இரண்டு தீர்ப்புகளும்

ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நூற்றுக்கு 20 போடுகிறார். இன்னொருவர் நூற்றுக்கு 100 போடுகிறார். இப்படி நடந்தால் நாம் என்ன நினைப்போம்? இருவரில் ஒருவருக்குப் பாடமே தெரியவில்லை, அல்லது ஒருவர் விடைத்தாளைப் பிரித்தே பார்க்கவில்லை என்றுதானே?

வீடியோ கேம் உலகில் 2010-ல் இது உண்மையாகவே நடந்தது. இரண்டு விமர்சகர்களும் அந்த விளையாட்டை ஆடித்தான் பார்த்தார்கள். இருவருமே ஏறக்குறைய ஒரே குறைகளைத்தான் பட்டியல் போட்டார்கள். ஆனாலும் ஒருவர் 2 கொடுத்தார், இன்னொருவர் 10 கொடுத்தார். அந்த விளையாட்டின் பெயர் 'டெட்லி ப்ரிமோனிஷன்'. விமர்சகர்களை மிக அதிகமாகப் பிளவுபடுத்திய திகில் விளையாட்டு என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்துவிட்டது!

இந்தச் சண்டையின் கதையைப் பார்த்தால், விமர்சனம் என்பது எதற்காக எழுதப்படுகிறது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

திறந்த உலகம் என்றால்?

பழைய விளையாட்டுகளில் ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம். மரியோ இடமிருந்து வலமாக ஓடுவான், அவ்வளவுதான். திறந்த உலக விளையாட்டு அப்படியல்ல. ஒரு முழு ஊரையே நம்மிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் முதலில் செய்யலாம். 2001-ல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2002-ல் வந்த 'வைஸ் சிட்டி'யை ஆடாத கல்லூரி மாணவர்கள் ஒரு காலத்தில் குறைவு.

இந்த வகை வெற்றி பெற்றதும் எல்லோரும் அதில் இறங்கினார்கள். ஊரைச் சுற்றும் சுதந்திரத்தோடு அமானுஷ்யத்தையும் சேர்த்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. 2009-ல் 'இன்ஃபேமஸ்', 'ப்ரோட்டோடைப்' என்று இரண்டு விளையாட்டுகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் நாயகன் மனித சக்திக்கு மீறிய ஆற்றலோடு நகரத்தில் பறந்தும் பாய்ந்தும் திரிவான். பெரிய பட்ஜெட், பெரிய வெடிச்சத்தம். விமர்சகர்களும் பெரிதாகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு வந்ததுதான் டெட்லி ப்ரிமோனிஷன். அதில் பறக்கவெல்லாம் முடியாது. ஒழுங்காகக் கார் ஓட்டுவதே கஷ்டம்!

பெயர் மாறிய கதை

ஜப்பானின் ஒசாகா நகரில் உள்ள அக்செஸ் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதை உருவாக்கியது. இயக்குநர் ஹிடேடகா சுஎஹிரோ. ரசிகர்கள் அவரை 'ஸ்வெரி' என்ற பட்டப்பெயரில்தான் அழைப்பார்கள்.

2007-ல் டோக்கியோ கேம் ஷோ கண்காட்சியில் இதன் முன்னோட்டம் காட்டப்பட்டது. அப்போது பெயர் 'ரெய்னி வுட்ஸ்', நாயகன் பெயர் டேவிட் யங் ஹென்னிங். பார்த்தவர்கள் உடனே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1990-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரைப் போலவே இது இருந்தது. காடு சூழ்ந்த சிறிய ஊர், கொலையான இளம்பெண், காபிப் பிரியரான எஃப்.பி.ஐ. அதிகாரி, கனவில் வரும் சிவப்பு அறை... எல்லாமே!

பிறகு விளையாட்டு மாற்றி அமைக்கப்பட்டது. நாயகன் ஃப்ரான்சிஸ் யார்க் மோர்கன் ஆனான். சாயல் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் யார்க் தனக்கென்று ஒரு குணம் உள்ள ஆளாகிவிட்டான். இடையில் பலமுறை திட்டமே கைவிடப்படும் நிலைக்குப் போய் மீண்டு வந்தது. கடைசியில் 2010 பிப்ரவரியில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வெளியானது. ஜப்பானில் மார்ச் மாதம் 'ரெட் சீட்ஸ் ப்ரொஃபைல்' என்ற பெயரில் வந்தது. புதிய விளையாட்டு என்றால் 60 டாலர் என்று இருந்த காலத்தில் அமெரிக்காவில் இதன் விலை 20 டாலர்தான். விலையைப் பார்த்தே பலர் இது மட்டமான சரக்கு என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

கிரீன்வேல் என்ற ஊர்

கதை நடப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கிரீன்வேல் என்ற கற்பனை ஊரில். ஆனா கிரஹாம் என்ற 18 வயதுப் பெண் கொலை செய்யப்பட்டுக் காட்டில் ஒரு மரத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறாள். விசாரிக்க யார்க் வருகிறான். மழைக்கோட்டு அணிந்த கொலைகாரனைப் பற்றி ஊரில் ஒரு பழைய கதை உலவுகிறது. அவ்வப்போது ஊரின் இன்னொரு இருண்ட வடிவம் திறந்து, பின்பக்கமாக வளைந்து நடக்கும் நிழலுருவங்கள் யார்க்கைத் துரத்துகின்றன.

யார்க்குக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. 'ஸாக்' என்ற ஒருவனிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். ஸாக் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், ஸாக்?" என்ற தொனியில் கேட்பான். விடை சொல்ல வேண்டியது விளையாடுபவர்! அதாவது திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நம்மையே ஒரு பாத்திரமாகக் கதைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். ஸாக் உண்மையில் யார் என்பது முடிவில்தான் தெரியும். அதை இங்கே சொன்னால் ஆடப் போகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஊர் மக்களுக்கு ஒவ்வொரு நாளும் தனித்தனி வேலை உண்டு. காலையில் கடை திறப்பார்கள், மாலையில் வீடு திரும்புவார்கள், இரவில் தூங்குவார்கள். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர்கள் வாழ்க்கை நடந்துகொண்டே இருக்கும். யார்க்கும் அப்படித்தான். பசிக்கும், தூக்கம் வரும். சவரம் செய்யாவிட்டால் தாடி வளரும். சட்டையைத் துவைக்காவிட்டால் அவனைச் சுற்றி ஈ மொய்க்கும்! காரில் பெட்ரோல் தீரும். வைப்பரையும் இண்டிகேட்டரையும் நாமே போடலாம்.

ஹோட்டல் காட்சி ஒன்று ரசிகர்களிடம் மிகப் பிரபலம். யார்க் தங்கும் ஹோட்டலை நடத்துபவர் பாலி என்ற வயதான அம்மாள். ஹோட்டலில் தங்கியிருப்பது யார்க் ஒருவன்தான். காலை உணவுக்கு மிக நீளமான மேஜையின் ஒரு கோடியில் அவன், மறுகோடியில் பாலி. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. யார்க் கொலையைப் பற்றிப் பேச, அவர் வேறு எதையோ புரிந்துகொண்டு பதில் சொல்வார். சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து, ஆளே வராத ஹோட்டலில் அந்த அம்மாள் எத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டிருப்பார் என்றும் தோன்றும்.

இன்னொரு மூதாட்டி கையில் எப்போதும் ஒரு சட்டியோடு அலைவார். அது ஆறிப்போய்விடும் என்று பதறுவார். காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடலாம். இதற்கும் கொலைக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ஏற்றிக்கொள்ளத் தோன்றும்.

குறைகளின் பட்டியல்

இப்போது மறுபக்கம். படங்கள் முந்தைய தலைமுறை இயந்திரத்தில் வந்தவை போல இருந்தன. மரங்களின் இலைகள் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். சோகக் காட்சியில் திடீரென்று உற்சாகமான விசில் இசை ஒலிக்கும். அதுவும் பேச்சை அமுக்கிக்கொண்டு! ஊர் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிப்பது தனி வித்தை. சுடும்போது நகர முடியாது. நிழலுருவங்களோடு போடும் சண்டை நீண்டு நீண்டு சலிப்புத் தட்டும். சண்டைப் பகுதிகள் முதலில் திட்டத்தில் இல்லாமல் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று இயக்குநரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆடிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டுத் தளங்களில் ஒன்றான ஐஜிஎன் இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி பத்துக்கு 2 கொடுத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் டெஸ்ட்ரக்டாய்ட் தளம் பத்துக்கு 10 கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், டெஸ்ட்ரக்டாய்ட் விமர்சகர் குறைகளை மறுக்கவே இல்லை. இத்தனை மோசமாக இருந்தும், ஒருவகையில் மோசமாக இருப்பதாலேயே, இது மறக்க முடியாத அனுபவமாகிவிட்டது என்பதுதான் அவர் கட்சி.

மெட்டாக்ரிடிக் தளம் எல்லா மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. விடை 68. அதாவது "பரவாயில்லை, சுமார்". இதை ஆடியவர்களில் 'சுமார்' என்று சொன்னவர்கள்தான் குறைவு! சராசரி ஆழத்தை நம்பி ஆற்றில் இறங்கிய கணக்குப்பிள்ளை கதைதான் இதுவும்.

மதிப்பெண் போடும் பழக்கம்

விளையாட்டு விமர்சனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் குழப்பத்தின் வேர் தெரியும். சினிமா விமர்சனம் நாடகம், இலக்கிய விமர்சனங்களின் வழியில் செய்தித்தாள்களில் வளர்ந்தது. விளையாட்டு விமர்சனம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பத்திரிகைகளிலும் பொழுதுபோக்குப் பத்திரிகைகளிலும் வளர்ந்தது. அங்கே ஒரு பிரிண்டரையோ மானிட்டரையோ சோதிப்பது போலவே விளையாட்டையும் சோதித்தார்கள். படத்துக்கு இவ்வளவு, ஒலிக்கு இவ்வளவு, ஆட்டத்துக்கு இவ்வளவு, எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுக் கூட்டினார்கள். ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகையில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

இதில் தவறு என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டு விலை உயர்ந்த பொருள். காசு கொடுத்து வாங்குபவருக்கு அது ஒழுங்காக வேலை செய்யுமா என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கில் டெட்லி ப்ரிமோனிஷன் எந்தப் பாடத்திலும் தேறாது. ஐஜிஎன் கொடுத்த 2 பொருளைச் சோதித்தவரின் தீர்ப்பு. வாங்கி ஏமாறாதே என்று எச்சரிக்கும் தீர்ப்பு.

ஆனால் பாலி அம்மாளின் நீளமான மேஜைக்கு எந்தப் பாடத்தில் மதிப்பெண் போடுவது? ஸாக்குக்கு? சட்டி ஆறிவிடும் என்ற பதற்றத்துக்கு? அந்தப் பட்டியலில் இவற்றுக்குக் கட்டமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கார் மெதுவாகப் போகிறது, சாலைகள் நீளமாக வெறிச்சோடிக் கிடக்கின்றன என்பது எல்லோரும் சொன்ன குறை. அந்த நீண்ட பயணங்களில்தான் யார்க் 1980-களின் ஹாலிவுட் படங்களைப் பற்றி ஸாக்கிடம் அலுக்காமல் பேசுகிறான். அந்தப் பேச்சில்தான் அவன் எவ்வளவு தனிமையானவன் என்பது நமக்குப் புரிகிறது. காரை வேகமாக்கினால் குறை போய்விடும். கூடவே அந்தப் பேச்சும் போய்விடும்! ஸ்வெரி 2011-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். சாப்பாடு, காபி, சவரம் போன்ற அன்றாடக் காரியங்களை விளையாட்டில் வைத்தால், இயந்திரத்தை அணைத்த பிறகும் அந்தக் காரியத்தைச் செய்யும்போது விளையாட்டு நினைவுக்கு வரும் என்பது அவர் கருத்து. ஆக, விமர்சகர்கள் 'தேவையில்லாதது' என்று தள்ளிய பல விஷயங்கள் திட்டமிட்டே வைக்கப்பட்டவை.

அதே ஆண்டு, அதே மாநிலம்

2010 மே மாதம் இன்னொரு விளையாட்டு வந்தது. ஃபின்லாந்தின் ரெமடி நிறுவனம் உருவாக்கிய 'ஆலன் வேக்'. இதிலும் வாஷிங்டன் மாநிலத்தில் காடு சூழ்ந்த ஒரு சிறிய ஊர். இதிலும் இருளிலிருந்து வரும் தீய சக்தி. இதற்கும் ட்வின் பீக்ஸ்தான் ஒரு முன்னோடி. இரண்டையும் உருவாக்கியவர்கள் ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டவர்கள்!

ஆலன் வேக்கும் முதலில் திறந்த உலக விளையாட்டாகத்தான் திட்டமிடப்பட்டது. வேலை நடக்க நடக்க, ஊர் சுற்றும் சுதந்திரம் திகில் கதையின் வேகத்தைக் கெடுக்கிறது என்று ரெமடி கண்டது. திறந்த உலகத்தைக் கைவிட்டு நேர்கோட்டுக் கதையாக மாற்றியது. விளைவு, கச்சிதமான அழகான விளையாட்டு. மெட்டாக்ரிடிக்கில் 83.

அக்செஸ் கேம்ஸ் அந்தத் திறந்த உலகத்தை விடவில்லை. அதனால் ஊர் பெரிதானது, வேலை கரடுமுரடானது, மதிப்பெண் சரிந்தது. ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்று ரசிகர்கள் நினைவு வைத்திருப்பது இந்த ஊரைத்தான்.

கலையா, பொருளா?

2010-லேயே இந்தக் கேள்வி இன்னொரு வழியிலும் வெடித்தது. புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருபோதும் கலை ஆகாது என்று ஏப்ரல் மாதம் எழுதினார். விளையாட்டு ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆயிரக்கணக்கில் மறுமொழிகள் குவிந்தன. ஜூலை மாதம் அவர் மீண்டும் எழுதினார். தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஆடிப் பார்க்காமலேயே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்.

ஈபர்ட் மேல் கோபப்பட்டவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். விளையாட்டு கலைதான் என்று சொல்லிக்கொண்டே, அதைப் பிரிண்டர் போலச் சோதித்து மதிப்பெண் போட்டால் அவர் எப்படி நம்புவார்?

ஒரு புள்ளியின் விலை

எண்தானே, விட்டுத் தள்ளலாம் என்று நினைக்கலாம். அப்படி விட முடியாது. அதே 2010-ன் அக்டோபரில் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' வெளிவந்தது. உருவாக்கியது ஆப்சிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாக்ரிடிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84! போனஸ் கிடைக்கவில்லை. ஆப்சிடியனின் கிறிஸ் அவெலோன் 2012-ல் இதை வெளியே சொன்னபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு மார்க்கில் ரேங்க் போன மாணவர்களுக்கு இந்த வலி நன்றாகப் புரியும்.

எண்ணுக்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது. எண் குறையும் என்ற பயம் வந்துவிட்டால், நீளமான மேஜையும் காது கேளாத அம்மாளும் முதல் கூட்டத்திலேயே வெட்டப்பட்டுவிடும்.

பிறகு நடந்தவை

டெட்லி ப்ரிமோனிஷனைக் காப்பாற்றியது மதிப்பெண் அல்ல, பேச்சு. 2010-ல் ஜயன்ட் பாம் தளத்தினர் இரண்டு அணிகளாகப் பிரிந்து விளையாட்டை முதலிலிருந்து முடிவுவரை ஆடி வீடியோ தொடராக வெளியிட்டார்கள். கேலி செய்ய உட்கார்ந்த பலர் போகப்போக யார்க்கின் ரசிகர்களாகிவிட்டார்கள்.

2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்குப் புதிய பதிப்பு வந்தது. அதே ஆண்டு கம்ப்யூட்டருக்கும் வந்தது, ஆனால் 720 வரிகளுக்கு மேல் தெளிவைக் கூட்ட முடியாதபடி வந்தது. ரசிகர் ஒருவர் உடனே ஒரு திருத்தம் எழுதி அதைச் சரி செய்து இலவசமாகக் கொடுத்தார். மட்டமான பொருள் என்றால் யாராவது தூக்கம் கெட்டு உட்கார்ந்து இதைச் செய்வார்களா?

ஆனால் ரசிகர்களின் அன்பு எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு அல்ல. 2020 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு இரண்டாம் பாகம் வந்தது. படம் திக்கித் திணறி ஓடியது. "அதுதானே இதன் அழகு" என்ற பழைய சமாதானம் இந்த முறை பெரிதாக எடுபடவில்லை. அதோடு திருநங்கைப் பாத்திரம் ஒன்றைக் காட்டிய விதம் கண்டனத்துக்கு உள்ளானது. இது விசித்திரம் அல்ல, புண்படுத்துவது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஸ்வெரி மன்னிப்புக் கேட்டு அந்த இடங்களைத் திருத்தி எழுதினார். கரடுமுரடான கை வேறு, கவனமில்லாத மனம் வேறு என்று விமர்சகர்கள் பிரித்துச் சொன்னது இங்கே பயன்பட்டது. இந்த வேலையை எந்த எண்ணும் செய்திருக்காது.

மதிப்பெண் முறையும் ஆட்டம் கண்டது. யூரோகேமர் தளம் 2015-ல் மதிப்பெண்ணைக் கைவிட்டது. ஆனால் 2023-ல் ஐந்து நட்சத்திர முறையில் மீண்டும் கொண்டுவந்தது. படிப்பவர்களுக்கு ஒரு சுருக்கமான விடை தேவைப்படுகிறது, என்ன செய்வது!

யார் சொன்னது சரி?

2 கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை, 10 கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை. 2 கொடுத்தவர் 20 டாலர் செலவழிப்பவரின் பக்கம் நின்றார். அது தேவையான வேலை. 10 கொடுத்தவர் ஒரு படைப்பின் பக்கம் நின்றார். ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. 'மோசமாக இருப்பதால் அருமை' என்று சொல்லும்போது, உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்ட காட்சிகளும் தற்செயலான கோமாளித்தனமாக எண்ணப்பட்டுவிடும். பாலி அம்மாளின் மேஜை தற்செயலாக நீளமாகிவிடவில்லை. அதை யாரோ ஒருவர் யோசித்துத்தான் நீளமாக்கினார். குறை சொன்னவர்கள் பலர் அதைப் பார்க்கவில்லை, கொண்டாடியவர்களிலும் சிலர் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை ஒரு விளையாட்டை வாங்கும் முன் மதிப்பெண்ணைப் பாருங்கள், தவறில்லை. அதற்கு மேலே நாலு பத்தி எழுதியிருப்பார்கள். அதையும் கொஞ்சம் படித்துவிடுங்கள். 68 எடுத்த விளையாட்டுக்குள் யாரோ ஒருவர் கையில் சட்டியோடு லிஃப்ட் கேட்டு நின்றுகொண்டிருக்கலாம்!